தரவரிசைப் பலகை

மகளின் வகுப்பறையில் இன்று சாக்பீஸ் தூள் வாடை அடித்ததும், நாகர்கோவிலில் அப்பா நடத்திய, இப்போது செருப்புக்கடையாகிவிட்ட ஸ்னூக்கர் கூடம் நினைவில் எழுந்தது. பந்துகள் மோதும் சத்தத்துக்கு நடுவே, உலகின் முதலிட ஆட்டக்காரர்களின் படங்களை வருடவாரியாக ஒட்டியிருந்த சுவரில், எங்கள் கூடத்தின் தரவரிசையும் ஒரு கரும்பலகையில் இருக்கும். சனிக்கிழமைதோறும் அதை நான்தான் எழுதுவேன். நான்கு வருடம் முதலிடத்தில் இருந்த செல்வின் அண்ணன், நரம்புத் தளர்ச்சியால் கை நடுங்க ஆரம்பித்த பிறகும் ஆட வந்தார். குச்சி வழுக்கும்போதெல்லாம் கூடமே சிரித்தது.

அப்பா என்னிடம், “மக்ளே, அவன் பேர அழிச்சிட்டு கடைசில எழுது” என்றார். எழுதினேன். அண்ணன் பலகையருகே வந்து பார்த்தார்.

“ஏட்டி, எம் பேருல கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கலியே.”

மறுபடியும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.