கடுகளவு அபின்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்தின் வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தபோது, கடைசி வீட்டில் சண்டு பிடிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். சண்டு என்றால் வேறொன்றுமில்லை, காய்ச்சிய அபின்தான். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீர்க் குழாயடியில் அவர் வாளியை வைத்தால் காலால் தள்ளிவிடுவேன். "புள்ள குட்டிங்க இருக்கிற எடத்துல இந்தக் கருமாந்திரத்துக்கு என்ன வேலை?" என்று லயமே கேட்கும்படி கத்துவேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் வயது நாற்பது.

அதே ஆளின் பின்வாசலில் போய் நானும் அபினுக்குக் கை நீட்டியிருக்கிறேன். கண்றாவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் புகைப்பது கெட்ட பழக்கம், நாங்கள் வாங்கி வருவது பிள்ளைக்கு மருந்து என்றுதான் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் நினைத்தோம். ஊரிலிருந்து கப்பலேறும்போதே கூட வந்த பழக்கம் அது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடுகளவு அபினைத் தாய்ப்பாலில் கரைத்து நாக்கில் தடவுவார்கள். இங்கே வந்த பிறகு வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும் தடவினோம். பிள்ளை தூங்கினால்தான் நாங்கள் வேலைக்குப் போக முடியும்.

எங்களுக்குத் தண்டவாளத்தில் வேலை. கூடையில் ஜல்லி சுமந்து கட்டைகளுக்கு நடுவே கொட்ட வேண்டும். விடிந்ததும் போனால் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் வேலை வாங்குகிற மண்டோர் எங்களை விடமாட்டார். பால் கட்டி மார்பு கல்லாகிப் போய் நின்றாலும், "புள்ளைய கொஞ்சணும்னா வீட்டுலயே கெட" என்பார். லயத்தின் ஒன்பது கைக்குழந்தைகளையும் ஒரே ஆயா பார்த்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். ஜல்லி வண்டி காலில் ஏறியதிலிருந்து நொண்டி நடப்பவள். அவள் வீட்டு உத்தரத்தில் ஒன்பது சாரோங் துணித் தொட்டில்கள் தொங்கும், ஒரு பிள்ளையும் அழாது. "உங்க லயத்துப் புள்ளைங்க தங்கம்லா" என்று சாலாக் செலாத்தான் லயத்திலிருந்து வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம், பல் முளைக்கிற நேரம். அன்று காலை என் சேலையைப் பிடித்த பிடியை விடாமல் வீறிட்டாள். அவசரத்தில் ஒரு கடுகு உருட்டி நாக்கில் தடவி, ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். தடவியதைச் சொல்லவில்லை. யாரும் சொல்ல மாட்டோம். ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்குத் தெரியாமல்தான் தடவினோம். பிள்ளையைச் சமாளிக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்க யாருக்கு ஆசை?

பத்து மணி இருக்கும். தண்டவாளத்தோரமாக ஆயா நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். "அடியே, ஒம்புள்ள கண்ணு முழிக்க மாட்டேங்குதுடி!"

கூடையை எங்கே போட்டேனோ, எப்படி ஓடினேனோ, தெரியாது. மண்டோர் கத்தக் கத்த மற்ற பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தார்கள்.

தொட்டிலில் கிடந்த என் மகளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு மூச்சு வந்தால், அடுத்தது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. யாரோ ஓடிப்போய் மருந்து கொடுக்கிற டிரெசரை அழைத்து வந்தார்கள். அவர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. இது அபின். யாரு குடுத்தா? எவ்வளவு?"

"நான்தாங்க" என்றாள் ஆயா. "எப்பவும் குடுக்கிற மாதிரி ஒரே ஒரு கடுகு."

எப்பவுமா! பளாரென்று அறைந்தேன். "கொலகாரி! உன்ன நம்பித்தானடி விட்டுட்டுப் போனேன்!" என்று அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினேன். என்னைவிட மூத்தவள், என் கையைக்கூடத் தடுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்தார்கள்.

"சண்டைய அப்புறம் போடுங்க" என்றார் டிரெசர். "ஒரு கடுகுதான்னா, கடுங்கோப்பி குடுத்து, தூங்க விடாம பாத்துக்கிட்டாத் தெளிஞ்சிடும். அதுக்கு மேலன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி வயித்தக் கழுவணும். சரியா சொல்லுங்க."

எல்லாரும் ஆயாவைப் பார்த்தார்கள். நானும் அவளையே பார்த்தேன். சொல்ல வேண்டியது என் தொண்டை வரைக்கும் வந்தது. இப்போதுதான் அவளை அடித்திருக்கிறேன், கொலைகாரி என்றிருக்கிறேன். வாயைத் திறந்தால் என் கதி என்ன? மென்று விழுங்கினேன். பெற்ற பிள்ளை சாகக் கிடக்கும்போது பேரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றவள் நான். சீ! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

என் அடுத்த வீட்டுக்காரி கோப்பியோடு வந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவள் மகனைப் பறிகொடுத்திருந்தாள். காலையில் தொட்டிலில் விட்டுப் போன பிள்ளை மத்தியானம் உயிரோடு இல்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி அடக்கம் செய்தோம். அவள் என் மகளைத் தோளில் போட்டு, உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, "அழுடி தங்கம், ஒரே ஒரு தடவ அழுடி" என்று நடந்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நானும் குடுத்தேங்க!" என்று அலறினேன். "காலையில நானும் ஒரு கடுகு குடுத்தேன்!"

டிரெசர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். சாயங்காலம் என் மகள் அழுதாள்.

அடுத்த ஞாயிறு காலையில் குழாயடியில் லயமே கூடியது. இனி தினமும் இரண்டு பெண்கள் முறை வைத்து ஆயாவோடு பிள்ளைகளைப் பார்ப்பது, அவர்கள் பங்கு ஜல்லியை மற்றவர்கள் சுமப்பது, நடுவில் பால் கொடுக்க விடாவிட்டால் ஒருத்தியும் கூடையைத் தொடுவதில்லை என்று முடிவானது. மண்டோர் குதித்தார். நாங்கள் அசையவில்லை, இரண்டே நாளில் இறங்கி வந்தார். மருந்து நின்றதும் ஒன்பது பிள்ளைகளும் ஒரு வாரம் அழுத அழுகையில் ஆண்களெல்லாம் மிரண்டு போனார்கள். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த ஞாயிறை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது அதுவல்ல.

"மறைச்சதுனாலதான் ரெண்டு மடங்காப் போச்சு" என்றார், அன்றைக்கு அங்கே வந்திருந்த டிரெசர். "கையில இருக்கிறத இங்க கொண்டாந்து வைங்க. என்ன குடுத்தீங்கன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க."

முதலில் நான் வைத்தேன். ஆயாவின் காலில் விழப்போனேன், அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். நானும், நானும், நானும். தொண்டை கிழியத் திட்டிய வாய்களெல்லாம் அன்றைக்குத் தரையைப் பார்த்துப் பேசின. சண்டுக்காரர் ஓரமாகக் குந்தியிருந்தார். "வித்தது நான்தான், என் தப்புதான். ஆனா நான் என் உசுரத்தான் எரிச்சேன்" என்றார்.

கடைசியாக அடுத்த வீட்டுக்காரி எழுந்தாள். அவளிடம் வைக்க ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்த என் மகள் அன்றைக்கும் அவள் தோளில்தான் கிடந்தாள்.

"நானும் குடுத்தேன்" என்றாள். "அன்னைக்குக் காலையிலயும் குடுத்துட்டுத்தான் போனேன்." பிறகு ஆயாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அன்னைக்கு நீயும் குடுத்தியாக்கா?"

ஆயா ஆமென்று தலையை ஆட்டினாள்.

கேட்டவள் அழவில்லை. என் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. வாங்க எனக்குக் கை எழவில்லை.