அக்காவிடம் ஆண்டவர் சொன்னது

எந்த வயதில் அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தாய் என்று கேட்டால், பிறந்ததிலிருந்தே என்றுதான் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமொன்றும் இல்லை. அவள் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். உயரத்தில் நான் அவளைவிட நாலு விரல் கூட. அவள் போட்டுக் கழித்த உடுப்பு எனக்குச் சேராது என்பதால், தங்கச்சியாகப் பிறந்தும் எனக்கு எப்போதும் புது உடுப்புதான். நியாயமாகப் பார்த்தால் அவள்தான் என்மேல் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். மகராசி படவில்லை. அதுவே எனக்கு ஒரு தனி எரிச்சல்.

ராயபுரத்தில் கோயில் மணி கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டும் வேலை. அம்மாவுக்கு வீட்டு வேலையும், மிச்ச நேரத்தில் கோயில் வேலையும். எங்கள் லைனில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே பேச்சு. எந்த வீட்டில் யார் தும்மினாலும் காலையில் குழாயடியில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில்தான் என் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது.

அவள் புதுநன்மை வாங்கிய அன்று வந்தது. புதுநன்மை என்றால் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக அதுதான். வெள்ளை கவுன், தலையில் பூ முடி, முகத்தில் வலை, கையில் ரிப்பன் சுற்றிய மெழுகுவர்த்தி என்று ஒன்பதரை வயது அக்காவைக் குட்டி மணப்பெண்ணாக நிறுத்தினார்கள். மாமா வாட்ச் வாங்கிக்கொடுத்தார். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து, ஃபிரேம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டினார்கள். இனி டிவி பார்க்க உட்கார்ந்தால் அவள் மூஞ்சியையும் சேர்த்துத்தான் பார்த்தாக வேண்டும். இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒருநாள் கவுன் வரும், வாட்ச் வரும்.

பொறுக்க முடியாதது வேறு. அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து முழந்தாளிட்டவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். இவள் அசையவில்லை. பூசை முடிந்து எல்லாரும் போட்டோவுக்கு நின்றபோது அம்மாதான் போய்த் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் கண்ணீர்.

"இன்னாம்மா, ஆண்டவரு பேசினாரா?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் குழாயடி முழுக்கச் செய்தி. 'அந்தப் பொண்ணாண்ட ஆண்டவரே பேசிக்கீறாரு.' பக்கத்து லைனிலிருந்து ஒரு கிழவர் வந்து, ஒன்பதரை வயதுப் பிள்ளையிடம் தன் மூட்டுவலிக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இதற்கெல்லாம் மூலகாரணம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்த சிஸ்டரம்மா. நல்ல மனுஷி, குரல் மட்டும் விசில் மாதிரி இருக்கும். புதுநன்மைப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இது: அப்பத்தைப் பல்லால் கடிக்காதீர்கள். வாங்கியதும் கண்ணை மூடிக் காத்திருங்கள். ஆண்டவர் உங்கள் உள்ளத்தில் ஒன்று சொல்லுவார். அது உங்களுக்கும் அவருக்கும் மட்டுமான இரகசியம். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பேச்சுவாக்கு. நாங்களோ அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். போனில் அழைப்பு வருவதுபோல ஆண்டவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசுவார், ஒவ்வொருவருக்கும் ஒரு சேதி வைத்திருக்கிறார் என்பதில் எங்கள் யாருக்கும் ஒரு துளி சந்தேகம் இல்லை.

அக்காவின் சேதி என்ன என்று தெரிந்துகொள்ள நான் படாத பாடு பட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கில் என் பங்குக்கு வந்த பெரிய இறாலை அவள் தட்டில் போட்டேன். தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். பென்சில் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கவில்லை. கையை முறுக்கினேன். அழுதாள், ஆனாலும் சொல்லவில்லை. நான் ஜன்னல் கம்பியில் ஏறினால்கூட ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொல்லும் வாய், இந்த ஒரு விஷயத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டது. "சொல்லக்கூடாதுடி" என்பாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பெரிய மனுஷியும் அப்படி ஒரு கர்வத்தோடு வேறு பக்கம் பார்த்து நான் கண்டதில்லை.

என்னுடைய புதுநன்மைக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஒரு வருஷம்! அதற்குள் ஆண்டவர் இருக்கிற இரகசியத்தையெல்லாம் அவளிடமே சொல்லி முடித்துவிடுவார் என்று நான் நடுங்கினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் போய் வாங்கிக்கொண்டு வந்து முகத்தை மூடிக்கொள்வாள். நான் பக்கத்தில் வெறும் வாயோடு உட்கார்ந்து, அவள் விரல் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். நிஜமாகவே எரியும், இட்லி சாப்பிட்டிருந்தாலும்.

அந்த வருஷத் திருவிழாவில்தான் அது நடந்தது. கொடியேறி ஒன்பது நாளும் சாயங்காலம் தெருவில் பந்தல் போட்டுப் பூசை நடக்கும். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஊரிலிருந்து சாமியார்கள் வருவார்கள். எங்கள் பங்குச் சாமியாருக்கு யார் யார் புதுநன்மை வாங்கிய பிள்ளை என்று முகம் தெரியும். வெளியூர்ச் சாமியாருக்கு எப்படித் தெரியும்? உயரத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். எனக்கு உயரம் இருந்தது. இந்த யோசனை எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. தைரியம் வர ஐந்தாம் நாள் ஆயிற்று.

நற்கருணை நேரம் வந்ததும், "நாற்காலிய வுட்டு எழுந்துக்காத, எவனாவது தூக்கினு பூடுவான்" என்று என்னைக் காவல் வைத்துவிட்டு அம்மாவும் அக்காவும் பீடத்துப் பக்க வரிசைக்குப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் அம்மா விட்டுச்சென்ற சால்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தெருப்பக்க வரிசையில் போய் நின்றேன். சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல், புதுநன்மை ஆகாமல் போய் வாங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று சிஸ்டரம்மா சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றேன்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் அந்தப் புதுச் சாமியார். "ஆமென்" என்று நாக்கை நீட்டினேன். என் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை.

அடேங்கப்பா, இவ்வளவுதானா என்று இருந்தது. ருசியே இல்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடித்தால் ரத்தம் வரும் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு உண்டு, அதனால் நாக்கால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு நாற்காலிக்கு ஓடிவந்தேன். முழந்தாளிட்டு, அக்கா செய்வதுபோலவே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. பச்சைச் சட்டை போட்ட குழந்தை காணாமல் போய்விட்டதாக யாரோ அறிவித்தார்கள். பின்னாலிருந்த அம்மாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டாள். இதெல்லாம் நன்றாகக் கேட்டது. ஆண்டவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பேசுங்கள் ஆண்டவரே என்று மனசுக்குள் சொன்னேன். கெஞ்சினேன். அக்காவுக்குச் சொன்னதில் பாதியாவது சொல்லுங்கள் என்று பேரம்கூடப் பேசினேன். ஒன்றும் இல்லை. திருடி வாங்கியதால் உள்ளே வந்து கோபமாக உட்கார்ந்திருக்கிறார் என்று பயம் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தபோது அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாள். அதே மாதிரி முகத்தை மூடிக்கொண்டு, அதே மாதிரி அசையாமல். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்கு மட்டும் ஏன் இல்லை? இவள் அப்படி என்ன ஒசத்தி? அந்த நேரத்தில் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அம்மா பக்கத்தில் இருந்ததால் விட்டேன்.

பூசை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அம்மா முன்னால் யாரோடோ பேசிக்கொண்டே போனாள். நாங்கள் இருவரும் பின்னால். மெழுகுவர்த்தி விற்கும் தள்ளுவண்டிகளைத் தாண்டும்போது எனக்கு அடக்க முடியவில்லை.

"நானும் இன்னிக்கு நன்மை வாங்கிட்டேன்."

அக்கா நின்றுவிட்டாள். "இன்னாடி சொல்ற?"

"தெருவாண்ட நின்னுகினு இருந்தாரே புதுச் சாமியாரு, அவருதான் குட்தாரு. சத்தியமா."

சொல்லி முடித்ததுமே செத்தேன் என்று தெரிந்துவிட்டது. இவள் இப்போது ஓடுவாள், அம்மாவிடம் சொல்லுவாள், தெருவிலேயே எனக்கு விழும். தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. "ஆண்டவரு என்னாண்டயும் பேசினாரு" என்றேன்.

அவள் ஓடவில்லை. கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாலுமா? இன்னா சொன்னாரு?"

"சொல்லக்கூடாதுல்ல?"

"சரி, சொல்லவாணாம். எப்டி கேட்டுச்சு, அத மட்டும் சொல்லு. காதுல கேட்டுச்சா, நெஞ்சுல கேட்டுச்சா?"

"உனக்கு எப்டி கேட்டுச்சோ அப்டித்தான்" என்றேன் நான்.

நான் நன்மை வாங்கியதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே சொல்லவில்லை. அடுத்த வருஷம் எனக்கும் கவுன் வந்தது, வாட்ச் வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சீனி திருடித் தின்றதையும் பூனையை அடித்ததையும் சொன்னேன், பெரிய திருட்டைச் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் ஆண்டவர் பேசவில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. பிறகு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அக்கா மட்டும் முன்னைவிட அதிக நேரம் கண்ணை மூட ஆரம்பித்தாள். ஊர் மெச்ச வேண்டுமென்று செய்கிறாள் என்று நான் கருவிக்கொண்டேன்.

இப்போது நான் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிக்காரர்களுக்கு கேட் பாஸ் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்குப் போவேன். அக்கா திருவொற்றியூரில் இருக்கிறாள். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அவளைக் கூப்பிட்டுப் போய் ஜெபிக்கச் சொல்கிறார்கள். அவள் வந்து உட்கார்ந்தாலே வலி குறைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது.

போன வருஷம் அம்மாவின் முதல் நினைவுநாள் பூசைக்கு இருவரும் போயிருந்தோம். திரும்பி வந்து அவள் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு எகத்தாளத்தில்தான் கேட்டேன், இத்தனை வருஷமாக ஆண்டவர் அப்படி என்னதான் உன்னிடம் பேசுகிறார் என்று.

"எனக்கு ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்லடி" என்றாள், செதிலைச் சுரண்டிக்கொண்டே. "மொத நாள் ஒண்ணும் கேக்கலன்னுதான் அழுதேன். அம்மா கேட்டுச்சு, அவ்ளோ ஆசையா பாத்துச்சு, தலைய ஆட்டிட்டேன். காத்துக்கினு குந்தறத வுட்றலாம்னுதான் இருந்தேன். அப்பதான் நீ வந்து சொன்னே. திருட்டு நன்மை வாங்கினவகிட்டயே பேசினவரு, என்னாண்ட பேசாமயா பூடுவாரு? அந்த நம்பிக்கையிலதான் குந்திகினு கீறேன்."

அது பொய்யடி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இல்லாத ஒன்றை நான் சொல்லப்போய், அதை வைத்து அவள் ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொண்டாள். சொன்ன எனக்கோ கையில் ஒன்றுமில்லை.

அந்தத் தெருவில் எட்டு வயதில் எனக்கு இது எதுவும் விளங்கவில்லை. காதிலா நெஞ்சிலா என்று கேட்பவளுக்கு அதுவரை எதுவுமே கேட்டிருக்காது என்று தெரிந்துகொள்ளும் அறிவு எனக்கு இல்லை. முதல்முறையாக அக்கா என்மேல் பொறாமைப்படுகிறாள், நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து நடக்க முன்னால் ஓடினேன்.