ஆமென் என்றால் ஆமாவா?

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் சபை உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் ஜெபம் கொஞ்சம் நீளம்... கோவில்பட்டியில் ஆரம்பித்தால் உலக நாடுகளைச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார்!

நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா? ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். யாரும் அசையவில்லை. மறுபடியும் படபடவென்று தட்டல். ஏதோ ஒரு பெண் குரல். உபதேசியாரின் கனத்த தொண்டையில் அது எடுபடவில்லை.

"அயலாரை நேசிக்க எங்களுக்குக் கிருபை தாரும் ஆண்டவரே!"

"ஆமென்!" என்றோம் எல்லோரும். ஓடு பறக்கிற மாதிரி சத்தம்.

தட்டல் நின்றுவிட்டது. அப்பாடா, போய்விட்டார்கள் என்று நினைத்தேன். உபதேசியாரும் "மேலும் ஆண்டவரே..." என்று தொடர்ந்தார்.

என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அடுத்த நொடி, "ஏங்க!" என்று ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் கார் பக்கத்தில் எதிர்வீட்டு ரங்கம்மா. தோளில் சாய்ந்தபடி அவர் கணவர் குருசாமி. காலில் துண்டு சுற்றியிருந்தது.

"அடுப்பெரிக்கப் பருத்திமாரு உருவும்போது பாம்பு கொத்திட்டு அண்ணாச்சி. காரை எடுங்கன்னு கத்துனேன். எல்லாருமா 'ஆமா'ன்னு சொன்னியள்லா... அதான் இவியளக் கூட்டிட்டு வந்துட்டேன்."

எங்கள் ஆமென்னை ஆமா என்று நம்பி, வேறு வண்டிகூடத் தேடாமல் நிற்கிறார்!

"இல்லம்மா... நாங்க சொன்னது..." என்று இழுத்தேன்.

"வெளக்கம் பொறவு சொல்லலாம். சாவிய எடுங்க!" என்றாள் மனைவி.

பறந்தோம். பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. எந்தப் பக்கமும் ரயிலைக் காணோம். பின்சீட்டில் குருசாமிக்கு இமைகள் இறங்க ஆரம்பித்தன. பேச்சு குழறியது.

"கண்ண மூடாதிய! இங்கன பாருங்க... என்னயப் பாருங்க..." ரங்கம்மா அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெபித்தேன். வாழ்நாளில் முதல்முறையாக, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக... முடிவேனா என்றது. கேட் திறந்ததும் கிளம்பியவன் ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டேன்.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சிரமம்" என்றார் டாக்டர்.

குருசாமி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ரங்கம்மா தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "கேட்ட ஒடனே ஆமான்னு சொன்னாவ... நல்ல மனுசங்க!"

எப்படி மறுப்பது? நான் மறுக்கவில்லை.

நேற்று மறுபடியும் ஜெபக்கூட்டம். உபதேசியார் ஆரம்பித்தார். கண்ணை மூடினேன்.

கதவை மூடவில்லை.