செய்மதிக்குப் பயந்து கப்பல்துறைக்கு ஓடியது

ஒரு பஸ் அளவு இருக்குமாம். அதை ஆகாயத்துக்கு அனுப்பியவர்கள் வேலை முடிந்ததும், பிய்ந்த செருப்பை வேலிக்கு அப்பால் எறிகிற மாதிரி அங்கேயே விட்டுவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்து, யாருடைய பேச்சும் கேட்காமல், வருசக்கணக்காகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த அந்தச் செய்மதி இப்போது தன் பாட்டில் கீழே வருகிறதாம். எங்கே விழும், எப்போது விழும் என்று யாராலும் சொல்ல ஏலாதாம். இதை என் கைபேசியில் வந்து சொன்ன நிபுணர் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். போகிற போக்கில் ஓர் ஆறுதலும் சொன்னார்: "பெரும்பாலும் கடலில்தான் விழும். ஆகவே மக்கள் அஞ்சத் தேவையில்லை."

கடலில் விழுமாம். எங்கள் வீட்டு வாசலில் நின்று துப்பினால் அதுவும் கடலில்தான் விழும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் குடியிருக்கிறவனிடம் வந்து, பயப்படாதே, கடலில்தான் விழும் என்று சொல்கிற அறிவை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்களோ தெரியாது.

நான் ரைஸ் குக்கரும் மின்விசிறியும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். செத்த வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்புவேன். அடுத்தவனுடைய பயம் என்றால் எனக்குப் பாயாசம். ஒருமுறை சுனாமி வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, தெருவே ஓடியது. அப்போது இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அரைவழியில் விட்டுவிட்டு ஓடிய ஒரு பெரிய மனிதரை நான் நடித்துக் காட்டாத கலியாண வீடு இல்லை. அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்.

அப்படிப்பட்ட நான், செய்மதி எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒரு வரைபடத்தைக் கைபேசியில் இறக்கினேன். பகிடிக்குத்தான் இறக்கினேன். அதில் செய்மதி ஒரு சிவப்புப் புள்ளி. அது போகிற பாதை உலகத்தின் மேல் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. அந்தப் பாம்பு இத்தனை பெரிய உலகத்தை விட்டுவிட்டு எங்கள் துறைமுகத்துக்கு மேலால்தான் போவேன் என்று நின்றது. கைபேசியின் சின்னத் திரையில் அந்தக் கோட்டின் தடிப்பே முழு இலங்கையையும் மூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பழுதான குக்கரில் ஒரு வயரைப் பார்த்ததும் நோய் சொல்கிற மூளை, இதில் மட்டும் படுத்துவிட்டது.

கடைக்கு வந்தவர்களிடம், "இப்ப என்னத்துக்கு ஃபேன் திருத்துறீங்கள்? செய்மதி விழுந்தா நல்ல காத்து வரும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்கள் படி இறங்கியதும் கடையின் பின்பக்கம் போய்ப் புள்ளியைப் பார்த்தேன்.

என் மனைவிக்கு வேறு கவலை. அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுப் பொதி கட்டி விற்கிறவள். துறைமுகப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள், அதற்குச் சாப்பாடு கேட்டிருந்தார்கள். அன்றைய சாப்பாடு பிடித்துக்கொண்டால், பிறகு அந்தக் கந்தோருக்கு ஒவ்வொரு நாளும் அவள்தான் கொடுப்பாள். இதற்காக அவள் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. இதே வேலையைக் கேட்டுக்கொண்டு பெரிய குசினி வைத்திருக்கிற இன்னொரு பெண்ணும் நின்றாள். சாப்பாடு பிந்தினால் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு.

வகுப்பு நாளும் செய்மதியின் நாளும் ஒன்றாக வந்தன. விடிந்ததும் நிபுணர் கழுத்துப்பட்டியை மாற்றிக்கொண்டு வந்து, இன்று முற்பகலில் விழலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிற கிண்ணியாக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன அண்ணன், முகம் நேத்துப் புடிச்ச மீன் மாதிரிக் கிடக்கு?"

"செய்மதி விழப்போகுது. உங்களுக்குத் தெரியாதோ?"

"விழட்டுமே. விழுந்தா எனக்கொரு கோல் எடுங்க. எங்கட பக்கம் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கள் இருக்காங்க. பஸ் அளவெண்டா நல்ல விலை போகும்."

"தலையில விழுந்தா?"

"உங்கட தலையிலயோ? பாவம், அதுதான் நெளியும்."

குசினிக்குள் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. பாரை மீனை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். கிண்ணியாவும் கடலடிதான். அந்த மனிதருக்கு மட்டும் ஏன் பயமில்லை என்பது எனக்குக் கோபமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கதவடியில் ஒரு பை தொங்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதற்குள் இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் எடுப்பதற்கு. ஓட்டத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஷெல் வந்தால் நிலத்தோடு படுக்க வேண்டும். சுற்றிவளைப்பென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். கடல் வந்தால் உள்ளுக்கு ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு. ஆகாயம் விழுந்தால் எந்தத் திசை? ஆகாயம் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? இதைக் கேட்க வேண்டிய நேரத்தில் என் கால்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே பாடத்தை எடுத்துவிட்டன: கடலை விட்டு உள்ளுக்கு ஓடு. மனைவியின் தமையன் வீடு கப்பல்துறையில், கண்டி வீதியில் இருக்கிறது; ஊரின் பெயரில் கப்பல் இருந்தாலும் கடல் தள்ளித்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய் காஸ் அடுப்பை நிற்பாட்டினேன்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். "உங்களுக்கென்ன விசரோ?"

"வெளிக்கிடும். கப்பல்துறைக்குப் போவம்."

"குழம்பு கொதிக்குது. மத்தியானம் சாப்பாடு போகவேணும்."

"உயிர் இருந்தாத்தான் மத்தியானம்."

"ஊரைப் பாத்துச் சிரிச்ச வாய்" என்றாள். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். இவனோடு வாதாடுகிற நேரத்தில் இரண்டு கறி இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பாள். "சரி, அண்ணா வீட்டிலயே சமைக்கிறன். ஆனா இஞ்சருங்கோ, என்ன விழுந்தாலும் சாப்பாட்டை நேரத்துக்குக் கந்தோருக்குக் கொண்டுபோறது நீங்கள்தான். சத்தியம் பண்ணுங்கோ."

முற்பகலில் எல்லாம் விழுந்து முடிந்துவிடும் என்ற தைரியத்தில் சத்தியம் பண்ணினேன்.

அரிசி மூட்டை, பாதி வெந்த பருப்பு, வெட்டிய கத்தரிக்காய் எல்லாவற்றையும் எங்கள் ஓட்டோவில் ஏற்றினேன். மீன் சட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பாலையூற்றைத் தாண்டும்போது ஓட்டோவை ஒரு குழியில் இறக்கினேன். பாரைக் குழம்பு அவளுடைய சட்டையில் கொஞ்சம் சிந்தியது. அவள் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீதியையே பார்த்தாள். ஏசினால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மச்சான் முற்றத்தில் நின்று ஒழுகிய தண்ணீர்க் குழாய்க்கு ரேப் சுற்றிக்கொண்டிருந்தார். என் கதை முழுவதையும் கேட்டார்.

"அப்ப நெருப்போட விழக்கூடிய சாமானுக்குப் பயந்து இஞ்ச வந்தனீங்கள்?"

"ஓம் மச்சான். இது கடலை விட்டுத் தள்ளித்தானே."

அவர் ரேப்பைக் கீழே வைத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து மெதுவாகக் காட்டுப் பக்கம் திருப்பினார். "அங்கால என்ன இருக்கு?"

அங்கால சீனக்குடா. வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள், மரங்களுக்கிடையில் ஒவ்வொன்றும் ஒரு வீடு பருமனில் நிற்கிற இரும்புத் தாங்கிகள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும்.

"இலங்கையில ஒரு இடத்தில நெருப்பு விழக்கூடாதெண்டா அது இந்த இடம்தான் மச்சான். நீங்கள் பொஞ்சாதியையும் ஏத்திக்கொண்டு, தேடிப் பிடிச்சு வந்திருக்கிறீங்கள். உலகப் போர் நேரம் ஆகாயத்தில இருந்து ஒரு விமானம் விழுந்தது. இவ்வளவு காடு கிடக்க அது எங்க விழுந்தது?"

"குதத்துக்கு மேல" என்றேன்.

"அந்த இரும்பு இப்பவும் உருகினபடி கிடக்கு. ஆகாயத்துக்கு இந்தப் பாதை தெரியும்."

மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டே சிரித்தாள், தமையனும் சிரித்தார். நான் வளவில் பாதுகாப்பான இடம் தேடினேன். சீமெந்துத் தூண்களின் மேல் நிற்கிற தண்ணீர்த் தாங்கியின் கீழே போய்க் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாந்து பார்த்தேன். செய்மதி விழாவிட்டாலும் இந்தத் தாங்கி விழலாம் என்று தோன்றியது. எழும்பிப் பலா மரத்தின் கீழ் போனேன். அதில் பழங்கள் தொங்கின. உலகத்தில் மனிதன் தலைக்கு மேல் ஒன்றும் தொங்காத இடமே கிடையாது என்பதை அரை நூற்றாண்டு வாழ்ந்து அன்றைக்குத்தான் கண்டேன்.

சமையல் முடிந்தது. பொதிகளும் கட்டியாயிற்று. கைபேசியைத் திறந்தால் நிபுணர். கணிப்பில் சிறு மாற்றமாம். முற்பகல் இல்லையாம், நடுப்பகலாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு மணி நேரம் பிந்தி ஃபேனைத் திருப்பிக் கொடுத்தாலே எனக்கு ஊர் ஏச்சு ஏசும்.

"ஏத்தியாச்சு, வெளிக்கிடுங்கோ" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறுப்பம். பின்னேரம்..."

"மத்தியானச் சாப்பாட்டைப் பின்னேரம் தின்னுற ஆக்கள் ஆர்?"

"விளங்குது, ஆனா இப்பதான் அது..."

"நீங்கள் போகாட்டி நான் ஓட்டிக்கொண்டு போறன்."

"உமக்கு ஓட்டோ ஓட்டத் தெரியாதே."

"தெரியாமலே ஓட்டுவன்."

சொல்லிக்கொண்டே அவள் பொதிகளின் மேல் துணியைப் போர்த்தி ஓரங்களைச் செருகினாள். செருகியதை எடுத்துத் திரும்பவும் செருகினாள். அவளுக்கும் பயம். அந்தப் பயத்துக்கும் ஆகாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைப் பார்த்த பிறகு நிற்க ஏலவில்லை.

மச்சான் உள்ளே போய்த் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டைக் கொண்டுவந்தார். பகிடிக்குத்தான் கொண்டுவந்தார். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஹெல்மட் போட்டுக்கொண்டு ஓட்டோ ஓட்டுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? திருகோணமலையும் பார்த்ததில்லை. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் மறிக்கக் கையைத் தூக்கி, என்ன குற்றம் எழுதுவது என்று தெரியாமல் கையை இறக்கினார். எங்கள் ஊரில் மான்கள் ஆடு மாதிரித் தெருவில் திரியும்; கடற்கரை வீதியில் சாப்பாட்டுத் தாள் மென்றுகொண்டு நின்றவை மெல்லுவதை நிற்பாட்டிப் பார்த்தன. சாரம் கதையின் பெரிய மனிதர் தேநீர்க் கடை வாசலில் நின்றார். அவரும் பார்த்தார். இந்த முறை வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறவில்லை. ஆற அமர நின்று பார்த்தார்.

கந்தோர் வாசலில் காவலாளி மறித்தார். "ஐயா, ஹெல்மட் கழட்டணும். ஹெல்மட்டோட உள்ள வர ஏலாது."

எந்தக் கந்தோரிலும் உள்ள சட்டம்தான். முகத்தை மூடிக்கொண்டு யாரும் உள்ளே போகக் கூடாது. கதவில் படமும் ஒட்டியிருந்தது: ஒரு ஹெல்மட், அதன் மேல் சிவப்புக் கோடு. ஓட்டோ உள்ளே விடமாட்டார்களாம். வாசலிலிருந்து கட்டடத்துக்குப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இடையில் வெட்டவெளி.

"உள்ள போய்க் கழட்டுறன்" என்றேன்.

"இங்க கழட்டணும்."

"தம்பி, மேல ஒண்டு வருது."

காவலாளி மேலே பார்த்தார். "ஒண்ணும் இல்லயே ஐயா."

"இப்ப இல்லை!"

காலை வகுப்பு முடிந்து ஆட்கள் ஜன்னல்களில் வந்து நின்றார்கள். பசித்த முகங்கள். பொறுப்பான அதிகாரி அம்மா படியில் இறங்கி வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "சாப்பாடு இருக்கோ இல்லையோ? இல்லாட்டி மற்ற ஆளுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

ஹெல்மட்டைக் கழற்றினேன்.

அப்போது தலைமயிருக்குள் காற்றுப் போன குளிர்ச்சியை இப்போதும் சொல்லலாம். இரண்டு கையிலும் பொதிப் பைகளைத் தூக்கிக்கொண்டு, கூனிக்கொண்டு, ஓடினேன். திரும்பி வந்து, ஓடினேன். பிறகும் ஓடினேன். ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள். கடைசிப் பையை வைத்தபோது பொதிகள் சூடாகவே இருந்தன.

அங்கேயே சுவரோடு சாய்ந்து கைபேசியைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. செய்மதி பூமியின் மற்றப் பக்கத்தில், ஒரு மனிதக் குஞ்சும் இல்லாத கடலில் விழுந்துவிட்டதாம். விழுந்தது முற்பகலிலாம். நான் பலா மரத்தடியில் நின்றபோதே காரியம் முடிந்திருக்கிறது. நிபுணருக்குத்தான் செய்தி பிந்தியிருக்கிறது. விழுந்து முடிந்த சாமானுக்கு ஹெல்மட் போட்ட மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பின்னேரம் வீட்டில் மனைவிக்குக் கந்தோர் அதிகாரி அம்மாவின் போன் வந்தது. குசினி வாசலில் நின்று பேசினாள். "ஓம் மிஸ்... ஓம்... நாளையில இருந்தோ? ஓம், விளங்குது... விளங்குது மிஸ்." வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று கிட்டப் போனேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் வேணுமாம்."

"நான் கொண்டுபோனதாலதானே" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஓம். உங்களைப் பற்றியும் சொன்னவ."

"என்னவாம்?"

"சாப்பாடு நல்லமாம். கொண்டுவாறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாக்கட்டாம்."

வேறு ஆளைப் பார்த்தாள். ஓட்டோ தரிப்பில் நிற்கிற, சிரிக்கவே தெரியாத ஒரு மனிதர். அவர் நேரத்துக்கு வருகிறார், ஏற்றுகிறார், போகிறார். கடை திறக்கும் வரை எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. அளவு கூடிவிட்டதால் வெங்காயமும் கூடிவிட்டது. வேகமாக உரி என்கிறாள். கைபேசியைக் குசினிக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் சட்டம் போட்டிருக்கிறாள்.