கவிப்ரியா வீட்டு அலாரம்

தில்ஷாத் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவாள், அடுத்துக் காதைத் தீட்டிக்கொள்வாள். எங்காவது ஒரு மூலையில் விட்டுவிட்டு ‘கீச்’சென்று சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேட்டரி தீர்ந்துபோன சென்சார் அது. அப்படி எந்தச் சத்தமும் இல்லாமல் சைரன் மட்டும் திடீரென்று அலறுகிறது என்றால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு அவள் திட்டம் போட்டு வரவில்லை. கல்யாணமான புதிதில் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் லைனில் நின்றாள். கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பியபோது, லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஷௌகத் அலி, முதுகு பிடித்துக்கொண்டதால், ஜூஜுவாடியில் டயர் கடையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறியிருந்தான். பாகலூர் சாலையில் மாதேஷ் வைத்திருந்த அலாரம் கடையில் ஃபோன் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவாள் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஃபோனில் வந்ததெல்லாம் அவசரம்தான். “அம்மா, நிக்கவே மாட்டேங்குது!” என்று ஒருவர் கத்துவார், பின்னால் சைரன் அதைவிட அதிகமாகக் கத்தும். அவள் நிதானமாகக் கேட்பாள்: கரெண்ட் போய் வந்ததா? வைஃபை மாற்றினீர்களா? ஹால் ஜன்னலில் புதுத் திரை போட்டீர்களா? மின்விசிறிக் காற்றில் திரை ஆடினால் சில சென்சார்களுக்கு ஆள் நடமாடுகிற மாதிரி தெரியும். சிலந்தி கூடு கட்டினாலும் அப்படித்தான். காட்டை ஒட்டிய சானமாவு பக்கம் புதிதாக வீடு கட்டியவர் ஒருவர், யானை வந்தால் அலாரம் அடிக்குமா என்று கேட்டார். “அடிக்கும் சார். ஆனா அது நின்னு கேக்குமான்னு சொல்ல முடியாது” என்றாள். கடையே சிரித்தது.

பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. ஆண் டெக்னீஷியன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி ஒத்திப்போடுவார்கள். இதைப் பார்த்த மாதேஷ் ஒருநாள் டூல் பையை அவளிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்கூட்டியும் அவளும் ஊர் முழுக்கச் சுற்றுகிறார்கள். வீடுவீடாகப் போனதில் ஒன்று அவளுக்குப் பிடிபட்டது. அலாரம் பெட்டியை யார் பேரில் போட்டிருக்கிறார்கள், அதை அணைக்கும் நம்பர் யாருக்குத் தெரியும் என்பதைப் பார்த்தாலே அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்று தெரிந்துவிடும். ஆனால் அது தன் வேலை இல்லை என்று விட்டுவிடுவாள். கவிப்ரியா வீட்டுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

வெங்கட் என்பவன் கொடுத்த புகார் அது. இராயக்கோட்டை சாலையில் ஒரு லேஅவுட்டில் வீடு. மத்தியானத்தில் காரணமே இல்லாமல் சைரன் அடிக்கிறது, அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள் என்றான். அவன் மனைவி கவிப்ரியாதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. மழைக்காலம் என்பதால் வாசல் கதவு ஊதியிருந்தது, முழுசாகச் சாத்தவில்லை. நிலையில் சென்சாரும் கதவில் காந்தமும் நெருங்கியிருந்தால்தான் கதவு மூடியிருப்பதாக அலாரம் எடுத்துக்கொள்ளும். தில்ஷாத் கதவின் ஓரத்தை இழைத்து, காந்தத்தை இறக்கி மாட்டி, பேட்டரியும் மாற்றிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே திரும்பவும் அடித்தது. வெங்கட் ஃபோனில் சூடாகப் பேசினான். “நீங்க பார்த்துட்டுப் போனதுக்கு அப்புறம்தாங்க ஜாஸ்தியாயிடுச்சு.”

இந்த முறை கவிப்ரியா கதவைத் திறந்துவிட்டு நகரவே இல்லை. பக்கத்திலேயே நின்றாள். “தண்ணி குடிக்கிறீங்களாக்கா? டீ போடட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தில்ஷாத் தன் ஃபோனில் அலாரத்தைச் சோதனை நிலையில் போட்டுவிட்டு வாசல் கதவை அகலத் திறந்தாள். கதவு மூடியிருப்பதாகவே திரையில் காட்டியது. சாத்திவிட்டு மறுபடி திறந்தாள். அதே பதில்தான்.

நிலையின் மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி அதை ஒதுக்கினாள். சென்சாரை ஒட்டி, குழந்தைகள் ஃப்ரிட்ஜில் ஒட்டி விளையாடுகிற எழுத்துக் காந்தம் ஒன்று இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தது. இது பக்கத்தில் இருக்கும்வரை கதவை எத்தனை தடவை திறந்தாலும் அலாரத்துக்குத் தெரியாது. டேப் பிடி தளர்ந்து காந்தம் சரிகிற அன்று கதவைத் திறந்தால் சைரன் அடிக்கும்.

தில்ஷாத் ஸ்டூலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். கவிப்ரியாவின் முகம் வெளிறிவிட்டது.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

தில்ஷாத் இறங்கி, ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். “என்னம்மா இது? சொல்லு.”

சுற்றி வளைக்காமல் சொன்னாள் கவிப்ரியா. போன வருஷம் பின்தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டில் புகுந்து, தனியாக இருந்த பெண்ணைக் கட்டிப்போட்டுத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து வெங்கட்டுக்குத் தூக்கம் இல்லை. அலாரம் வாங்கினான். கம்பெனிக்குப் போனதும் தன் ஃபோனிலிருந்தே அலாரத்தை ஆன் பண்ணிவிடுவான். நம்பர் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குச் சொன்னால் அக்கம்பக்கத்தில் உளறிவிடுவாள் என்று பயம். வெளியே போக வேண்டுமென்றால் ஃபோன் பண்ணு, ஆஃப் பண்ணுகிறேன் என்றான்.

“அவுங்க கம்பெனியில ஃபோன உள்ள விடமாட்டாங்கக்கா. லாக்கர்ல வெச்சுட்டுத்தான் லைனுக்குப் போவணும். டீ டைம்ல எடுத்துப் பார்த்தாத்தான் உண்டு. கொத்தமல்லி வாங்கணும்னாலும் நான் அதுவரைக்கும் உக்காந்திருக்கணும்.”

“இத எப்ப ஒட்டின?”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்துச்சு ஒருநாள். ஃபோன் போட்டுப் போட்டுப் பார்த்தன், எடுக்கல. போனாப் போவுதுன்னு கதவத் தொறந்து தூக்கிட்டு ஓடினன். சைரன் அடிக்குது, தெருவே வந்து நின்னு வேடிக்கை பார்க்குது. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கறது எதுவும் காதுல உழலை. எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறந்தான் இத ஒட்டினன். போன தடவ நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு முன்னாடியே எடுத்து வெச்சன், இந்தத் தடவ நேரமில்ல. எங்கயும் போறதில்லக்கா. கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வருவன். அவ்வளவுதான்.”

சென்சார் பழுது என்று சொல்லி வேறொன்று மாட்டி, காந்தத்தைத் திரும்ப ஒட்டிவிட்டுப் போவது சுலபம். அந்த எண்ணம் தில்ஷாத்துக்கு வராமலில்லை. ஆனால் இந்தக் காந்தத்தோடு நிஜமாகவே எவனாவது கதவைத் திறந்து வந்தால், உள்ளே தூங்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அலாரம் ஒரு சத்தமும் கொடுக்காது. அதையும் தெரிந்துகொண்டு எப்படிப் போவது?

“இத நான் எடுத்துத்தான் ஆவணும், கவிப்ரியா. உனக்காகத்தான் எடுக்கறன். ஆனா எடுத்துட்டு அப்பிடியே போயிடமாட்டன். உன் வீட்டுக்காரர் எப்ப வருவாரு?”

“ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுதான். இப்ப வந்துருவாரு.”

“நீயே சொல்லு. நான் இங்கதான் இருக்கன்.” காந்தத்தைப் பெயர்த்து அவள் கையில் கொடுத்தாள்.

மாதேஷ் இரண்டு முறை ஃபோன் பண்ணினார். அத்திப்பள்ளியில் ஒரு வீட்டில் காத்திருக்கிறார்களாம். “ஒந்து ஸ்வல்ப லேட் ஆகுத்தே அண்ணா” என்று, கொஞ்சம் தாமதமாகும் என்பதை அவருக்குக் கன்னடத்தில் சொல்லிச் சமாளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெங்கட் யூனிஃபார்மோடு வந்தான். நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே கருவளையம். “என்ன ஃபால்ட்டுங்க?” என்றான் வாசலிலேயே.

கவிப்ரியா உள்ளங்கையை விரித்து அந்தக் காந்தத்தைக் காட்டினாள். “நாந்தான் வெச்சன். எனக்கு வெளிய போவணும்.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. “என்னையவே ஏமாத்தியிருக்கற. யாருக்காக இத மாட்டினன்? எனக்காகவா?”

“பாப்பாவுக்கு வலிப்பு வந்த அன்னைக்கு நான் எத்தனை தடவ ஃபோன் போட்டன் தெரியுமா உனக்கு?”

“அன்னைக்கு நீ அலாரம் ஆன்ல இருந்தத மறந்துட்டு வெளிய போனன்னு சொன்ன. ஃபோனெல்லாம் சைரன் அடிச்சப்புறம் போட்டதுன்னு சொன்ன.”

“நீ கத்துவன்னு அப்பிடிச் சொன்னன்.”

வெங்கட் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். குழந்தை போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தது. தில்ஷாத்தைப் பார்க்காமலே கேட்டான்: “அந்தப் பின்தெரு பொண்ணு எங்க சொந்தங்க. அவ கையில கயிறு இறுக்கின தழும்ப நான் பார்த்தன். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?”

“பயப்படறது தப்பில்லைங்க தம்பி” என்றாள் தில்ஷாத். “ஆனா நெருப்பு கிருப்பு பத்துனா உங்க பொண்டாட்டி உங்க ஃபோனுக்காக நிக்கணுமா? ஆளுக்கொரு நம்பர் போடலாம். அவங்க நம்பர் அடிச்சா அலாரம் ஆஃப் ஆவும். கையில வெச்சு அமுக்கற பட்டன் ஒண்ணு இருக்குது, அதையும் தர்றன். எவனாவது வந்தா அமுக்கினா போதும், தெருவே கேக்கும்.”

அவன் உடனே தலையாட்டிவிடவில்லை. அவள் எப்போது நம்பர் அடித்தாலும் தனக்குச் செய்தி வரவேண்டும் என்றான். வேண்டாம் என்றாள் கவிப்ரியா. இருவரும் தெலுங்கில் மாறிமாறிப் பேசினார்கள். குரல் ஏறி, இறங்கியது. தனக்கு அது புரியும் என்று காட்டிக்கொள்ளாமல் தில்ஷாத் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “சைரன் அடிச்சா மட்டும் எனக்கு வரட்டும்” என்றான் வெங்கட். கவிப்ரியா நம்பர் போடும்போது தில்ஷாத் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெங்கட்டும் கொஞ்சம் தயங்கித் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவன் கடைக்கு ஃபோன் பண்ணி, அலாரம் பார்க்க வந்தவர்கள் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறார்கள் என்று மாதேஷிடம் புகார் சொன்னான். மாதேஷ் அவளைக் கூப்பிட்டார். “நாம போறது மெஷினு பார்க்கத்தான் தில்ஷாத்.” அவள் டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டில் புதிதாக அலாரம் மாட்டினாலும், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவரவர் நம்பரை அவரவரே போடச் சொன்னாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு வீட்டில், “எங்க வீட்டம்மாவுக்கு எதுக்குங்க” என்று சிரித்தார்கள். அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நம்பரைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

தை மாதத்தில் உழவர் சந்தையில் தில்ஷாத் கவிப்ரியாவைப் பார்த்தாள். கையில் அவரைக்காய்ப் பை, பக்கத்தில் குழந்தை.

“எப்பிடி இருக்கற? சைரன் அடிக்குதா?”

“இல்லைக்கா. முதல்ல கொஞ்ச நாள் தினமும் சாயந்திரம் வந்து எங்க போன, எங்க போனன்னு கேட்டாரு. சில நாள் என்கிட்ட பேசவே இல்ல. இப்பக் கேக்கறதில்ல.” பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “முழுசா மாறிட்டாருன்னு சொல்லமாட்டன். ஆனா போன வாரம் அவரே சொன்னாரு, பக்கத்துல பிரவீனான்னு ஒருத்தங்க டெய்லரிங் கத்துக் குடுக்கறாங்களாம், போறியான்னு.”

“போறியா?”

“யோசிக்கறன்க்கா” என்று சிரித்தாள் கவிப்ரியா. “எனக்குத் தையல் புடிக்காது. வேற எதுக்காவது போலாம்னு பார்க்கறன்.”