மறுபடிக்கு வந்த கோபம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு 'மறுபடி' என்று பேர். பவர் சரியா என்று ஒரு தரம் பார்ப்பாள், இரண்டாம் தரம் பார்ப்பாள், வாங்க வந்தவர் கை நீட்டும் நேரத்தில் "இருங்க, மறுபடி ஒரு வாட்டி பார்த்துடறேன்" என்பாள். கடைக்காரருக்கு எரிச்சல்தான். ஆனால் இருபது வருஷத்தில் அவள் கொடுத்த கண்ணாடி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது. இப்போதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் உண்டு. விழுவாள், கொஞ்ச நேரம் படுத்திருப்பாள், எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். அது ஒன்றும் பெரிய கதை இல்லை. கதையெல்லாம் வீட்டில்தான்.

வீட்டில் அண்ணன், அண்ணி, அவள். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், அண்ணன் கேட்பான்: "மாத்திரை போட்டியா?" குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடு என்று நாலு தரம் சொன்னாலும் அதே கேள்விதான். வேலையில் நேர்த்தி என்றால் கடைக்குப் பேர், வீட்டில் கோபம் என்றால் வலிப்புக்குப் பேர். நல்ல நியாயம்!

ஒரு தரம் வலிப்பு டாக்டரிடமே கேட்டான். "இந்த வியாதிக்காரங்கன்னாலே பிடிவாதம், முன்கோபமாமே?"

"சிலருக்கு வலிப்பு வர்றதுக்கு முன்னாடி மனசு மாறும், சிலருக்கு மாத்திரையால சிடுசிடுப்பு வரும். அதுக்காக எல்லாரும் ஒரே அச்சா? உங்க தங்கச்சிக்குக் கோபம் வர வலிப்பு வேணாம் சார், நீங்க போதும்" என்றார் டாக்டர். அண்ணன் டாக்டரை மாற்றிவிட்டான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இதில் கொடுமை என்னவென்றால், கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுவாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபப்படலாம் என்று நினைப்பாள். அதற்குள் கோபம் ஆறிப்போயிருக்கும்.

அப்படி இருக்கையில் அண்ணனுடைய கண்ணாடி ரிப்பேருக்கு வந்தது. வலது பக்கக் கம்பி வளைந்திருந்தது. நிமிர்த்திக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் திரும்ப வந்தது, அதே கம்பி. மூன்றாம் தரமும் வந்தபோது மறுபடி யோசித்தாள். வீட்டில் அவனைக் கவனித்தாள். கதவுநிலையில் வலது தோளை இடித்துக்கொண்டான். வலது பக்கம் நின்று கையை ஆட்டினாள், அவன் பாட்டுக்குப் பேப்பர் படித்தான்.

"அண்ணா, உனக்கு வலப்பக்கம் தெரியல. கண் டாக்டர்கிட்ட போ."

"எனக்கா? நல்லாத்தான் இருக்கு."

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள் கத்தியே சொன்னாள். "மாத்திரை போட்டியா?" என்றான்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு மாத்திரையை ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். "போடல. நீ கண் டாக்டர்கிட்ட கிளம்பினாத்தான் போடுவேன்."

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மறுபடிக்கும் பயம் இல்லாமல் இல்லை. எட்டரைக்கு அவன் செருப்பை மாட்டினான். அவன் படி இறங்கிய பிறகுதான் அவள் மாத்திரையை விழுங்கினாள்.

கண்ணில் அழுத்தம் என்றார் கண் டாக்டர். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம், தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விடணும், ஆயுசுக்கும்.

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பிடும்போது தண்ணீர் வைக்கவில்லை என்று அண்ணன் சத்தம் போட்டான். சொம்பு அவன் வலது பக்கம்தான் இருந்தது. அண்ணி எதார்த்தமாகக் கேட்டாள்: "மருந்து விட்டீங்களா?"

"ஏன்டி, எனக்குக் கோபம் வந்தா கோபம் வந்ததுதான்! அதுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன..."

பாதியில் நின்றது. அவன் தலை மெல்லத் தங்கை பக்கம் திரும்பியது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வயதிலிருந்து சேர்ந்த முப்பத்திரண்டு வருஷத்துக் கோபம். டப்பா அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவள் திறக்கவில்லை. குழாயில் ஆரம்பித்தாள், மாற்றிய டாக்டருக்கு வந்தாள், போன பார்வைக்கு வந்தாள், அங்கே அழுதுகொண்டே திட்டினாள்.

மாத்திரை போட்டியா என்று அண்ணன் கேட்கவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவள் முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான்.