ஜெயிலுக்கு வெளியே கிடந்த ஃபைல்

அன்று காலை பத்து மணிக்கு கல்லூரி இணையதளத்தில் ஹால் டிக்கெட் பக்கம் திறக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. சர்வர் அறையில் நான் மட்டும்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சிஸ்டம் அட்மின் வேலை எனக்கு. ஏம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. மூன்று வருடம் எதுவென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிறகு நஸ்ரின் வந்தாள். திருக்கனூர் மளிகைக் கடைக்காரர் மகள். வந்த இரண்டாம் மாதமே எங்கள் நேம் சர்வரை 'ஜெயிலில்' போட்டாள். அதாவது, இணையதளத்தின் பெயரைக் கேட்டால் அது இருக்கும் மெஷினின் முகவரியைச் சொல்லும் அந்த புரோகிராமை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்துவிடுவது. எவனாவது அதற்குள் புகுந்தாலும் அந்த ஃபோல்டரைத் தாண்டி எதையும் தொட முடியாது.

"நஸ்ரினப் பாத்து கத்துக்கம்மா" என்றார் மேலாளர், எல்லோர் முன்னாலும். அந்த ஜெயிலைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த குறிப்பை நான் பிரிக்கவே இல்லை.

முந்தின நாள்தான் ஹால் டிக்கெட்டைப் புதிய மெஷினுக்கு மாற்றியிருந்தோம். நேம் சர்வர் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. பெயர்களும் முகவரிகளும் எழுதியிருக்கும் ஜோன் ஃபைலில் முகவரியை மாற்றினேன், ஃபைல் மாறியதைக் காட்டும் சீரியல் எண்ணைக் கூட்டினேன், அதை மறுபடி படிக்கச் சொல்லி ரீலோட் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. பதிலும் மாறவில்லை. மூன்று முறை செய்தேன். நஸ்ரின் அவள் அக்கா கல்யாணத்தில் இருந்தாள். கூப்பிட மனம் வரவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு மாணவி கதவைத் தட்டினாள். "ஹால் டிக்கெட் இல்லாம உள்ள உட மாட்டாங்களாமே, இன்னாக்கா பண்றது?" அழுதுவிடுவாள் போலிருந்தது. போனை எடுத்தேன்.

"இன்னாக்கா, கல்யாணத்துக்கு வராம போன்லயே வாழ்த்தா?" என்றாள் நஸ்ரின். விஷயத்தைச் சொன்னேன். "எந்த ஃபைல மாத்தினீங்க?"

சொன்னேன்.

"ஐயோ, அது பழசுக்கா. நேம் சர்வருக்கு அது கண்ணுலயே படாது. ஜெயிலுக்குள்ள அதே பேர்ல ஒண்ணு கீது பாருங்க, அத்த மாத்துங்க. வெளிய இருக்கறத நான் அழிச்சிருக்கணும், என் தப்புதான்."

நான்கே நிமிடம். பக்கம் திறந்தது.

மேலாளர் வந்தார். "பாத்தியா, அவ இல்லாமலே முடிச்சிட்டியே!"

இத்தனை நாள் நான் ஏங்கிய வார்த்தை. பேசாமல் இருந்தால் அது எனக்குத்தான்.

"நஸ்ரின்தான் சார் சொன்னா."

"அதான பாத்தேன்" என்று போய்விட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரீலோட் பிழையில்லாமல் முடிந்தாலே நீங்கள் திருத்திய ஃபைலை அது படித்துவிட்டது என்று நம்பாதீர்கள். எதைப் படிக்கிறது என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவளைக் கேளுங்கள். பொறாமை போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பொறாமையோடே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன்.